தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வராத பாம்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பாம்பு வளர்ப்பவர்களின் கடிதங்களை மட்டும் மொத்தமாக எடுத்துக்கொண்டேன். அநேகமாக எல்லாமே விஷமில்லாத இரண்டு வகைகளைப் பற்றியவை: பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பான பால் பைத்தான் (பால் என்றால் இங்கே பந்து), அப்புறம் கார்ன் ஸ்னேக். விஷப்பாம்பை வீட்டில் வைத்துக்கொண்டு யோசனை கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது, கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் ஒரு வேண்டுகோள். பாம்பு என்ன செய்தது என்று இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள், பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு என்று ஒரு வரி எழுதுவதில்லை. பாம்பு தன் உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் பிராணி. பெட்டி என்ன கொடுக்கிறதோ அதை வைத்துத்தான் அது ஜீரணிக்கிறது, நடமாடுகிறது, நோயைத் தாங்குகிறது. அதனால் அது வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தால் நான் முதலில் பார்ப்பது தெர்மாமீட்டரை, பாம்பை அப்புறம்தான்.

கேள்வி: சார், என் பால் பைத்தான் மூன்று நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கிறது. மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது. தூக்கி வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி உள்ளே போய்விடுகிறது. குளிப்பது அதற்குப் பிடித்துவிட்டதா?

பதில்: எப்போதாவது ஒரு ராத்திரி கிண்ணத்தில் இறங்கினால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மூன்று நாள் என்றால் அது எதிலிருந்தோ தப்பிக்கப் பார்க்கிறது. எதிலிருந்து என்பதுதான் கேள்வி.

முதல் சந்தேகம் மைட் என்கிற சிற்றுண்ணி. கிண்ணத்துத் தண்ணீரை அப்படியே ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ அடியில் தங்கினாலோ விஷயம் அதுதான். பிறகு பாம்பின் தலையைப் பாருங்கள்: கண்ணின் விளிம்பைச் சுற்றி, தாடைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் மடிப்பில், செதில்களின் இடுக்கில். ஈரமான வெள்ளைத் துணியைக் கைக்குள் பிடித்து, பாம்பை அதன் ஊடாக மெதுவாக ஊர விட்டால் துணியில் புள்ளிகள் ஒட்டும். ரத்தம் குடித்த உண்ணியை நசுக்கினால் செம்பழுப்புக் கறை விழும். உடம்பில் இருக்கும் உண்ணிகளில் சில தண்ணீரில் செத்துப்போகும் என்பது உண்மைதான், ஆனால் மிச்சம் உள்ளவை தண்ணீருக்கு வெளியே இருக்கும் தலைக்கு ஏறிவிடும், அதனால் பாம்பு எத்தனை நாள் ஊறினாலும் அதற்கு விடிவு கிடையாது.

உண்ணி இருந்தால் வேலை பாம்பிடம் பாதி, பெட்டியிடம் பாதி. முட்டை பாம்பின் மேல் இருப்பதில்லை. பெட்டியின் மூலைகளிலும் மூடியின் இடுக்கிலும் மரத்துண்டின் வெடிப்பிலும் இருக்கும். கீழே பரப்பிய மரச்சீவல், நார்த்தூள் எல்லாவற்றையும் கட்டி வெளியே எறியுங்கள், கழுவ முடியாத மரச்சாமான்களையும் சேர்த்து. பெட்டியை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, இடுக்குகளில் விரல் விட்டுத் துடைத்து, கொஞ்ச காலத்துக்கு வெறும் பேப்பர் டவல் விரித்து வையுங்கள். வெள்ளைக் காகிதத்தில் புள்ளி நகர்ந்தால் உடனே தெரியும் என்பது இன்னொரு லாபம். மருந்து எது, எவ்வளவு என்பதை ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் இருக்கும் கரப்பான் மருந்தை மட்டும் அடித்துவிடாதீர்கள், ஏன் என்று நாலாவது கேள்வியில் வருகிறது. ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்தினால், இடுக்கில் தப்பிய முட்டை பொரித்து எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

புள்ளி எதுவும் இல்லையா? சரி, அடுத்தது சூடு. பால் பைத்தானுக்குச் சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 25 முதல் 27 இருக்க வேண்டும். குளிர்ந்த முனையே 30-ஐத் தாண்டினால் பெட்டிக்குள் அதற்குக் குளிர்ச்சியான ஒரே இடம் அந்தக் கிண்ணம்தான், வேறு எங்கே போகும்? கண்ணாடியில் ஒட்டி வைக்கும் வட்ட முள் மீட்டரை நம்பாதீர்கள், அது கண்ணாடிக்குப் பக்கத்துக் காற்றைத்தான் அளக்கும், அதையும் உருப்படியாக அளக்காது. நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் மீட்டரைப் பாம்பு படுக்கும் தரை மட்டத்தில் வைத்து அளங்கள்.

மூன்றாவது, கண் பால்போல மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டை உரிக்கும் நேரத்தில் காற்று வறண்டிருந்தால் தண்ணீரைத் தேடும். சாதாரண நாளில் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும், உரிக்கும் நாட்களில் கொஞ்சம் கூட்டலாம். ஈரப் பாசியை அடைத்த ஒரு மூடிய டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே வைத்தால் கிண்ணத்தை விட்டுவிட்டு அதற்குள் போய்விடும்.

இவை எதுவும் இல்லை என்றால் மறைவிடத்தைப் பாருங்கள். சூடான பக்கம் மட்டும் ஒரு மறைவிடம் இருந்தால், பாம்புக்கு ஒளிவதா குளிர்வதா என்று திண்டாட்டம். கிண்ணத்தின் விளிம்பு உடம்பை நாலாபக்கமும் தொடுவதால் அதையே மறைவிடமாக்கிக்கொள்ளும். இரண்டு முனைகளிலும் ஒரே மாதிரி ஒவ்வொன்று வையுங்கள், சுருண்டால் சுவர் உடம்பில் படுகிற அளவுக்குச் சின்னதாக. நமக்குத்தான் விசாலம் பிடிக்கும், அதற்கு இடுக்கு வேண்டும்.

காரணம் தெரியும்வரை ஊறட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் வயிற்றுச் செதில் சிவந்து கொப்புளம் கட்டும். அதற்காகத் தண்ணீரையே எடுத்துவிடுவது மகா தப்பு. ஏற இடமில்லாத சின்னக் கிண்ணமாக மாற்றுங்கள், குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: அண்ணா, என் கார்ன் ஸ்னேக் ராத்திரி முழுக்க மூடியின் ஒரே மூலையை மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கிறது. மூக்கு நுனி தேய்ந்து சிவந்துவிட்டது. வெளியே விடச் சொல்கிறதா?

பதில்: வெளியே போகப் பார்க்கிறது, அதில் சந்தேகமே இல்லை. கார்ன் ஸ்னேக் ராத்திரியில் சுற்றுவது இயல்பு, பெட்டி முழுக்க ஏறி இறங்கி மோப்பம் பிடித்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் மணிக்கணக்காக முட்டினால்தான் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பெட்டி மாற்றி ஒன்றிரண்டு வாரம்தான் ஆகிறது என்றால் பொறுங்கள், பழகிவிடும். ஆண் பாம்பாக இருந்து, வளர்ந்து, இணைசேரும் பருவமும் வந்திருந்தால் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு அலையும், அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. மற்றபடி பசியா, சூடு அதிகமா என்று பாருங்கள். இதற்குச் சூடான முனை 29 முதல் 31, குளிர்ந்த முனை 22 முதல் 25 வரை போதும், பைத்தானுக்கு வைக்கிற சூட்டை இதற்கு வைத்தால் ஓடத்தான் பார்க்கும்.

நாலு பக்கமும் கண்ணாடி என்றால் மூன்று பக்கத்தை வெளியிலிருந்து கறுப்புக் காகிதம் ஒட்டி மறையுங்கள். உள்ளே கிளை, இலை, சருகு, குழாய்த்துண்டு என்று அடைசலாக நிரப்புங்கள். காலியான பெட்டியில் அது சுவரோரமாகத்தான் நடக்கும், சுவரோரமாக நடந்தால் மூடியில்தான் முட்டும். மூடி கம்பி வலையாக இருந்தால் அந்த மூலையில் உள்பக்கமாக வழவழப்பான ஒரு தகட்டைப் பொருத்துங்கள், மூக்குப் புண் ஆறட்டும். ஆறாத புண் வாய்க்குள் பரவினால் பெரிய வைத்தியமாகிவிடும். பெட்டியின் நீளமும் முக்கியம். வளர்ந்த கார்ன் ஸ்னேக் 120 முதல் 150 சென்டிமீட்டர் வரை வரும், பெட்டி குறைந்தபட்சம் பாம்பின் நீளமாவது இருக்கட்டும்.

மூடிக்குப் பூட்டு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள். தலை நுழைகிற இடுக்கு கிடைத்தால் மிச்ச உடம்பும் பின்னாலேயே வந்துவிடும்.

கேள்வி: என் மகன் ஒரு பாம்பு வளர்க்கிறான். நேற்று அது இரண்டு மூன்று தடவை வாயை அகலமாகத் திறந்து, தாடையைக் கோணலாக்கி, மறுபடி மூடியது. பார்க்கவே பயமாக இருந்தது. கடிக்கப் பார்க்கிறதா ஐயா?

பதில்: இல்லை அம்மா. கொட்டாவி மாதிரிதான். சாப்பிட்ட பிறகு தாடை எலும்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அப்படிச் செய்யும், சாப்பிடாமலும் சில நேரம் செய்யும். வாயைத் திறந்தது, மூடியது, அத்தோடு முடிந்தது என்றால் விட்டுவிடுங்கள்.

மகனிடம் இதை மட்டும் சொல்லி வையுங்கள்: வாயைத் திறந்தபடியே வைத்திருந்தால், தலையை உயர்த்தி மூச்சுக்குத் திணறினால், மூச்சில் விசில் சத்தமோ கொறகொறப்போ கேட்டால், வாயோரத்தில் நுரையோ நூல் நூலாக எச்சிலோ தெரிந்தால் அது சுவாச நோய், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது, அதனால் தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால் மோசமாகும். குளிர்ந்து ஈரமாகிப்போன பெட்டியில் இது சீக்கிரம் வரும். பைத்தான்களில் இப்படி நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ் ஒன்று 2014-இல் அடையாளம் காணப்பட்டது, அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும், ஆகவே வீட்டில் வேறு பாம்பு இருந்தால் கை கழுவாமல் மாற்றி மாற்றித் தொடக் கூடாது. சட்டை உரிக்கும் நாட்களில் மட்டும் லேசான விசில் கேட்டு, உரித்ததும் நின்றுவிட்டால் அது மூக்குத் துளையில் ஒட்டிய பழைய தோல்.

கேள்வி: பாம்பு தலையைப் பின்பக்கமாக வளைத்து மேலே பார்த்தபடி அப்படியே நிற்கிறது. மல்லாத்தி வைத்தால் திரும்பிக்கொள்ள நேரமாகிறது. உண்ணிக்கு மருந்து அடித்து இரண்டு நாள்தான் ஆகிறது. சேட்டை செய்கிறதா, உடம்பு சரியில்லையா?

பதில்: உடம்பு சரியில்லை. பாம்பு தலையை நேராகத் தூக்கி நாக்கை நீட்டி நாலு பக்கமும் பார்ப்பது வேறு, அது வேடிக்கை பார்ப்பது. நீங்கள் சொல்வது நரம்புக் கோளாறின் அடையாளம். மருந்து அடித்தேன் என்று நீங்களே எழுதியிருப்பதால் எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். பூச்சிமருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்கத்தான் செய்யப்படுகின்றன, மூடிய பெட்டிக்குள் அந்த ஆவியைச் சுவாசித்தால் பாம்பின் நரம்பும் தப்பாது. கடிதத்தை நான் படிக்கும்போதே தாமதமாகியிருக்கும் என்பதால் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்: காற்றோட்டமுள்ள சுத்தமான வேறு பெட்டிக்கு மாற்றி, மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மற்றவர்களுக்காக இன்னும் கொஞ்சம். பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி அளவுக்கு மீறிச் சூடேறினாலும் இப்படி ஆகலாம். போவா, பைத்தான் இனங்களில் இன்க்ளூஷன் பாடி டிசீஸ் என்றொரு நோய் உண்டு. அதற்கும் ரெப்டரீனாவைரஸுக்கும் உள்ள தொடர்பு 2012-இல் தெரியவந்தது, மருந்து கிடையாது. போவாக்கள் வெளியே ஒன்றும் காட்டாமல் வருஷக்கணக்கில் அதைச் சுமந்திருக்கும், பைத்தான்கள் சீக்கிரம் விழுந்துவிடும். அதனால்தான் புதிதாக வாங்கிய பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள் என்று சலிக்காமல் சொல்கிறேன்.

பால் பைத்தானில் ஸ்பைடர் என்று விற்கும் நிற வகை பிறவியிலேயே தலையை ஆட்டும், உற்சாகமானால் திருகிக்கொள்ளும். உள்காதில் சமநிலைக்கான பகுதி சரியாக உருவாகாததுதான் காரணம் என்று ஸ்கேன் எடுத்துக் கண்டிருக்கிறார்கள். அது தொற்றாது, தீரவும் தீராது. அழகான கோலத்துக்காக அதைத் தொடர்ந்து இனப்பெருக்கம் செய்து விற்பது எனக்கு உடன்பாடில்லை, வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: இரண்டு பாம்பையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன். எப்போதும் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டுதான் தூங்குகின்றன. எவ்வளவு பாசம் பாருங்கள்!

பதில்: பாசமில்லை, இடச்சண்டை. சூடான இடம் ஒன்று, மறைவிடம் ஒன்று, ஆள் இரண்டு. மேலே படுத்திருப்பது கீழே இருப்பதை அமுக்கிக்கொண்டு சூட்டை எடுத்துக்கொள்கிறது. சண்டை போட்டால் சத்தம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒன்று மெல்ல மெல்லச் சாப்பாட்டைக் குறைத்து இளைத்துக்கொண்டே போகும். கிங் ஸ்னேக் என்றால் இன்னும் மோசம், மற்ற பாம்பை விழுங்குவது அதன் வழக்கம். இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

கேள்வி: மரச்சீவலைத் தோண்டிக்கொண்டு அடியில் போய், ஹீட் மேட் (பெட்டிக்கு அடியில் வைத்துச் சூடேற்றும் விரிப்பு) இருக்கும் இடத்தில் வெறும் தரையில் படுக்கிறது. வெளியே வருவதே இல்லை. குளிருகிறதோ என்று சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன், சரிதானே?

பதில்: கூட்டியதைக் குறையுங்கள், இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே. பாம்பு தோண்டுவது தப்பில்லை, பல இனங்களுக்கு அதுதான் வாழ்க்கை. ஆனால் மீட்டரின் சென்சார் சீவலுக்கு மேலே இருந்து, பாம்பு சீவலுக்குக் கீழே இருந்தால், நீங்கள் படிக்கும் எண்ணுக்கும் அதன் வயிற்றில் படும் சூட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. மேலே 29 காட்டும்போது கீழே கண்ணாடி 40-க்கு மேல் இருக்கலாம். சுட்டால் விலகிக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். விலகாது, அதுதான் கொடுமை. வயிறு வெந்துகொண்டிருக்கும்போதே அங்கேயே கிடந்த பாம்புகள் எத்தனையோ மருத்துவரிடம் வருகின்றன.

பாம்பைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். அகலமான வயிற்றுச் செதில்கள் ஒரே நிறமாக, பளபளவென்று இருக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகவோ பழுப்பேறியோ சுருங்கியோ, செதிலின் ஓரம் தூக்கிக்கொண்டோ இருந்தால் தீக்காயம், வைத்தியம் வேண்டும், எண்ணெய் கிண்ணெய் தடவ வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் போடவே கூடாது. அதன் சென்சாரை மேட்டுக்கு நேர் மேலே, பெட்டியின் தரையில், சீவலுக்கு அடியில் நகராதபடி பொருத்துங்கள். சீவலைத் தள்ளிவிட்டு அந்தத் தரையை அகச்சிவப்பு வெப்பமானியால் குறிபார்த்து அளந்து பாருங்கள். அந்த எண்தான் பாம்பின் எண்.

கேள்வி: பால் பைத்தான் சாப்பிட்டு இரண்டு மாதம் ஆகிறது. தினமும் எலியைக் காட்டுகிறேன், தலையைத் திருப்பிக்கொள்கிறது. கட்டாயமாக ஊட்டலாமா?

பதில்: வேண்டாம். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் விரதம் இருப்பது சர்வசாதாரணம், குளிர்காலத்திலும் இணைசேரும் பருவத்திலும் இன்னும் அதிகம். தினமும் காட்டுவதை முதலில் நிறுத்துங்கள், அதுவே அதைப் பயமுறுத்தும். 10 அல்லது 14 நாளுக்கு ஒரு தடவை, உறைநிலையிலிருந்து எடுத்து இளஞ்சூடாக்கிய இரையை ராத்திரியில் காட்டி, வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை அப்படியே நின்றால் காத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலோ, முதுகெலும்பு கூரை முகடு போல எடுத்துக்கொண்டு நின்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிக்கு இந்தப் பொறுமை பொருந்தாது, அதை முன்னாலேயே காட்ட வேண்டும்.

கேள்வி: என் பெண் பால் பைத்தான் சில வாரமாகச் சாப்பிடவில்லை, பாதி உடம்பைத் திருப்பி வயிறு மேலே தெரியப் படுத்திருந்தது. ஏதோ நோய் என்று பயந்தேன். நேற்றுப் பார்த்தால் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறது! நான் வாங்கியதிலிருந்து ஆண் பாம்பு பக்கத்தில் வந்ததே இல்லை. இது எப்படி?

பதில்: வயிறு மேலே தெரியப் படுப்பது முட்டை சுமக்கும் பெண்ணின் வழக்கம்தான், நோயில்லை. ஆண் இல்லாமல் முட்டை போடுவது கோழிக்கு மட்டும் சொந்தமில்லை. பெரும்பாலும் அவை கருவில்லாத முட்டைகளாக, மஞ்சளாக, கோணல்மாணலாக, மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும். ஆனால் நீங்கள் வாங்குவதற்கு முன் ஆணோடு இருந்திருந்தால் விந்தணுவை நெடுங்காலம் உடம்பில் சேமித்து வைத்திருக்க முடியும். அதுவும் இல்லாமலே கரு உருவாவதும் உண்டு. 2020 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான், குறைந்தது 15 ஆண்டுகளாக ஆண் பாம்பின் அருகில் இல்லாத நிலையிலும் 7 முட்டை இட்டது.

ஆகவே தூக்கிப் போடுவதற்கு முன் இருட்டறையில் ஒவ்வொரு முட்டையையும் சின்ன டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், இட்ட நிலையைப் புரட்டாமல். மேல் பக்கம் எது என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது நல்லது. சிவப்பு நாளங்கள் வலைபோலத் தெரிந்தால் கரு இருக்கிறது, 31 முதல் 32 டிகிரியில் ஈரம் காயாமல் வைத்தால் பொரிக்க 55 முதல் 60 நாள் ஆகும். நாளம் இல்லாமல் ஒரே மஞ்சளாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். அப்படி எடுக்கும்போது பெட்டியை முழுக்கக் கழுவி, பாம்பையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தடவை கழுவிவிடுங்கள். முட்டை வாசனை இருக்கும்வரை அடைகாக்கிற நினைப்பிலேயே கிடக்கும், சாப்பிடாது. வயிற்றின் பின்பகுதியை விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள், இன்னும் ஒரு கட்டி தங்கியிருப்பதாகத் தோன்றினால் அமுக்காமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.